ஓட்டு இருக்கிறவர்களுக்கு, ஓட்டு இல்லாதவன் எழுதும் திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில் இருக்கும் நம் ஊருக்கு எங்களுக்கெல்லாம் முன்பே வந்து, வீடு வாங்கி, குடியுரிமையும் பெற்று, பிள்ளைகளை இங்குள்ள அரசுப் பள்ளிகளிலேயே படிக்கவைத்து ஆளாக்கிய தமிழ்ப் பெரியவர்களுக்கு இதை எழுதுகிறேன். பள்ளிக்கான பார்சல் வரி, அதாவது ஒரு மனைக்கு இவ்வளவு என்று வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் தனி வரி, போன தேர்தலில் தோற்ற கதை உங்களுக்குத் தெரியும். வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் ‘வேண்டும்’ என்று சொல்லியும் தோற்றது, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். இந்த நவம்பரில் அது மறுபடியும் வாக்குச்சீட்டில் வருகிறது. ‘ஆம்’ என்று போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தோற்ற கொஞ்ச நாளில் ஒரு வீட்டு விருந்தில் இந்தப் பேச்சு வந்தது. “எங்க பசங்க படிச்சு முடிச்சாச்சு தம்பி, இன்னும் நாங்க எதுக்கு அழணும்?” என்றார் ஒரு அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் என்பதால் நானும் சிரித்துவைத்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. அவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். மதியம் டப்பாவைத் திறப்பதற்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்து, சாப்பாட்டில் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இன்சுலின் போட வேண்டும். இரண்டு தோசை வைத்தால் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அதில் கிராம் கணக்கை என் மனைவி எழுதி அனுப்புவாள். பள்ளியின் நர்ஸ் பல பள்ளிகளுக்குப் பொது. அவர் வராத நாட்களில், முறையாகப் பயிற்சி எடுத்திருந்த அலுவலக உதவியாளர் அம்மா பார்த்துக்கொண்டார். வரி தோற்றதும் முதலில் கைவைத்தது அவர் வேலை நேரத்தில். இப்போது மதிய மணி அடிப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

‘தேவைப்படும்போது வேறு பள்ளியிலிருந்து நர்ஸ் வருவார்’ என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். வரத்தான் செய்கிறார், டிராஃபிக்கைத் தாண்டி. அதுவரை பையன் திறக்காத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கூட்டாளிகள் சாப்பிட்டு முடித்து விளையாடப் போய்விடுவார்கள். இதைப் பார்த்த பிறகு மனைவி தினமும் பதினோரு மணிக்கே பள்ளி பார்க்கிங்கில் காரை நிறுத்தி, மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து, கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறாள். மணி அடித்ததும் உள்ளே ஓடுகிறாள். கவனித்துக்கொள்வது சட்டப்படி பள்ளியின் கடமை, வழக்குப் போடலாம் என்கிறார்கள். போடலாம். அதற்கு ஆகும் செலவும் இதே பள்ளியின் பையிலிருந்துதான் போகும்.

உங்கள் வாதங்களையும் யோசிக்காமல் இல்லை. ‘ஏற்கெனவே வீட்டு வரி கொஞ்சமா?’ என்கிறீர்கள். 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு என்ற மாநிலச் சட்டம், வீட்டு வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தி, அந்த மதிப்பும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று கட்டிப்போட்டது. பேச்சுக்கு, 1998-இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு வரிக் கணக்கில் இன்று எட்டரை, ஒன்பது லட்சத்தைத் தாண்டாது. பக்கத்திலேயே அதே மாதிரி வீட்டை 25 லட்சத்துக்கு இப்போது வாங்கியவர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கட்டுகிறார். நீங்கள் விற்கும்போதும் அந்த 25 லட்சம்தான் கிடைக்கும். ‘நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்’ என்று நம்பி வருகிறவர்கள் கொடுக்கும் விலை அது.

மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனைக்கும் வேர் அந்த 1978 சட்டம்தான். அதாவது ஒருவர் ‘வேண்டாம்’ என்று போட்டால், அதைச் சரிக்கட்ட இரண்டு பேர் ‘வேண்டும்’ என்று போட வேண்டும். மாநில அரசின் பணத்திலும் ஏழைக் குழந்தைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகளும் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூடுதலாகப் போகிறது. 2013 முதல் அப்படித்தான். அது நியாயம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் நம் ஊர் மாதிரி இடங்களில் விழும் துண்டை ஊர்தானே போட்டாக வேண்டும்?

ஓய்வு பெற்றுவிட்டோம் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 65 வயது ஆனவர்களுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு, ஒரு படிவம் கொடுத்தால் போதும். கட்டவே போகாத வரிக்கு ‘வேண்டாம்’ போட்ட அக்காவை எனக்குத் தெரியும். பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். பள்ளி வாரியம் ஒன்றும் சொக்கத் தங்கம் இல்லை. அதனால்தான் இந்த வரிக்குத் தனிக் கணக்கும் ஆண்டறிக்கையும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாரியத்தின் மேல் கோபமென்றால் வாரியத் தேர்தலில் காட்டுங்கள்.

கொடுக்கும் மனசு இல்லாதவர்கள் என்று உங்களைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் ராஜகோபுரத் திருப்பணிக்குக் கொடுக்கிறீர்கள். நட்சத்திர இரவுக்கு முதல் வரிசை டிக்கெட் வாங்குகிறீர்கள். பார்சல் வரியில் கல்வெட்டு வைக்க மாட்டார்கள், சால்வை போர்த்த மாட்டார்கள், அதுதான் அதன் குறை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி யாருடைய வகுப்பறையில் நடக்கிறது? பொங்கல் விழா யாருடைய அரங்கத்தில்? அந்த மேடையில் நின்று ‘கண்ணுடையர் என்பவர் கற்றோர்’ என்று குழந்தைகள் ஒப்பிக்கும்போது நீங்கள் கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேடையை வாடகைக்கு விடும் பள்ளிக்கு ஓட்டுப் போடச் சொன்னால் மட்டும்…

சரி, வார்த்தை தடிக்கிறது. மன்னியுங்கள்.

எனக்கும் இங்கே வீடு இருக்கிறது. டிசம்பர் 10-க்குள் ஒரு தவணை, ஏப்ரல் 10-க்குள் இன்னொன்று என்று நானும் வரி கட்டுகிறேன். இது நிறைவேறினால் என் பில்லிலும் ஒரு வரி கூடும், சந்தோஷமாகக் கட்டுவேன். ஆனால் எனக்கு ஓட்டு இல்லை. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) வரிசையில் நிற்கிறேன். அது நகர்ந்து, பிறகு குடியுரிமையும் கிடைப்பதற்குள் என் மகன் கல்லூரிக்கே போய்விடலாம். என்னைப் போல இந்த ஊரில் எத்தனையோ பேர். எங்கள் பிள்ளைகளின் பள்ளியை எங்களால் கேட்டுத்தான் வாங்க முடியும், அதனால் உங்களைக் கேட்கிறேன்.

அக்டோபரில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். விளம்பரக் காகிதங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பள்ளி வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதுவரை புரட்டுங்கள். ‘ஆம்’ என்று போட்டு, உறையில் மறக்காமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள், தபால்தலைகூட வேண்டாம். விலக்குப் படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால், இல்லை வாக்குப் பெட்டி வரை போக வண்டி வேண்டுமானால், கூப்பிடுங்கள். வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பா