கல்யாணப் பத்திரிகை அட்டையில் கால்சியம் ஆக்சைடு

தமிழ்நாட்டின் பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை நான். வேதிப்பிணைப்புப் பாடத்தோடு விளையாட்டு அட்டைகளையும் அச்சிட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வேதியியலில் பிள்ளைகள் நம்பிக்கை இழக்கும் முதல் இடம் சேர்மத்தின் வாய்பாடு எழுதுவது. இணைதிறனை, அதாவது ஒரு தனிமத்தின் சேரும் திறனைக் காட்டும் எண்ணை, குறுக்கே மாற்றிப் போடச் சொல்கிறோம், போடுகிறார்கள். கால்சியத்துக்கு இரண்டு, ஆக்சிஜனுக்கு இரண்டு. மாற்றிப் போட்டு, இரண்டு கால்சியம் இரண்டு ஆக்சிஜன் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சிவப்பு மையால் ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கிக் காட்டுவேன். அடுத்த தேர்விலும் அதே தவறு வரும்.

சென்ற ஆண்டு பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்தோம். அட்டைக்கு ஓர் அயனி, அதாவது மின்சுமை கொண்ட அணு அல்லது அணுத்தொகுதி: சோடியம், கால்சியம், அலுமினியம், குளோரைடு, ஆக்சைடு, சல்பேட். ஐவர் குழு, ஆளுக்கு ஏழு அட்டை. நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சரிக்குச் சரியாகும்படி சேர்த்து, பெயரைச் சொல்லி இறக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு சேர்மம். சேராவிட்டால் கட்டிலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும். கையைக் காலி செய்பவர் வென்றவர்.

மூன்றாம் நாள் ஒரு மாணவன் இரண்டு கால்சியத்தையும் இரண்டு ஆக்சைடையும் ஒன்றாக இறக்கினான். எதிரே இருந்த மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. சுமை சரியாகத்தானே இருக்கிறது என்றான் அவன். பத்துக் கால்சியமும் பத்து ஆக்சைடும் வைத்தாலும் சரியாகத்தான் இருக்கும், அப்போது வாய்பாட்டில் பத்து என்று எழுதுவாயா என்றாள் அவள். மற்றக் குழுக்களும் ஆட்டத்தை விட்டு எழுந்து வந்துவிட்டன. அயனிப் படிகத்துக்குள் தனித்தனி ஜோடிகள் கிடையாது, எண்ணற்ற அயனிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன, அதனால்தான் மிக எளிய விகிதத்தை எழுதுகிறோம் என்று அப்போது சொன்னேன். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்த செய்திதான் அது. அதைக் கேட்க ஒரு வகுப்பே காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

விளையாட்டு என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் நான் கேட்கவில்லை. சரியான விடைக்கு ஏணி, தவறுக்குப் பாம்பு என்று பரமபதம் வரைந்தும் பார்த்தேன். வகுப்பு கலகலப்பாக இருந்தது. ஆனால் வென்றது தாயக்கட்டை. விடை தெரியாதவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆட்டத்தின் விதியே வேதியியலின் விதியாக இருக்க வேண்டும்.

அட்டை என்றதும் சீட்டாட்டம் என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவைத்தான் சொல்வேன். அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை அட்டைகளில் எழுதி, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தே 1869இல் அவர் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. சிலிக்கானுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு நிறை 72 என்று கணித்தார். 1886இல் ஜெர்மானியம் கிடைத்தது. அதன் அணு நிறை சுமார் 72.6. வகுப்பிலும் இதை ஆடலாம். லித்தியம் 7, பொட்டாசியம் 39 என்று இரண்டு அட்டைகளை வைத்து, நடுவில் உள்ளதை மறைத்து, அதன் நிறையைக் கேட்டுப் பாருங்கள். இரண்டின் சராசரியான 23 என்று சொல்லிவிட்டு, சோடியம் அட்டையைத் திருப்பும்போது பிள்ளைகளின் கண்களைப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பாடநூலின் கடைசியில் வெட்டி எடுக்கத் தடித்த தாளில் இரண்டு பக்கங்கள், ஆசிரியர் கையேட்டில் ஆட்ட விதிகள், வேதிப்பிணைப்புக்கான பாடவேளைகளில் இரண்டு இதற்கென்று. பாடவேளையை எழுத்தில் ஒதுக்குங்கள். வகுப்பில் சத்தம் கேட்டு, பாடம் நடக்கவில்லையா என்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது மூன்றாம் வகுப்பில் ஆடிப் பாடிப் படித்த பிள்ளைகள் 2028இல் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறார்கள். அதற்குள் இந்த அட்டைகள் பாடநூலில் இருக்க வேண்டும். மாதிரிக் கட்டு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். பின்பக்கத்தில் மணமக்கள் பெயர் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை