சேமியா மாதிரி மெலிசாகக் கட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மாம்பலத்தில் எல்லோரும் நலம்.

ட்ரவுட் மீன் பிடிக்கிற ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டுகிற பொய்ப்பூச்சி, அதற்காக நீ கேட்ட மயிலிறகை அனுப்ப முடியாது. கோயில் வாசலில் விற்கிறார்கள்தான். தானாக உதிர்ந்த இறகை நம் நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் ஒரு இறகுகூட இல்லாமல் 12 பஸ்ஸர், கொசு மாதிரிப் பூச்சியின் கூட்டுப்புழு போல இருக்குமே அந்த ஃப்ளை, கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த மாதம் இங்கிலாந்துக்கு, லெஸ்டர் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ரட்லண்ட் ஏரியில் இரண்டு நாள் நின்றும் ஒரு ட்ரவுட்கூடத் தொடவில்லை என்று வருத்தப்பட்டாய். நீ கட்டிய ஃப்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு புழுங்கலரிசி மாதிரி உப்பியிருக்கிறது. முள்ளின் கண்வரை நூல் ஏறியிருக்கிறது. அப்புறம் அந்த ஓட்டைக்குள் தூண்டில் நரம்பை எப்படிக் கோத்தாய்?

மொட்டைமாடி அல்லித் தொட்டியின் சேற்றில் சிவப்பாக நெளியுமே, கொளத்தூர் மீன் கடைகளில் விற்கிற அந்த ரத்தப்புழு, அதுவும் உங்கள் ஊர் பஸ்ஸர் பூச்சியும் ஒரே குடும்பம். சேற்றில் பிராணவாயு குறைவு. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. நாலைந்தை சேற்றோடு அள்ளி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். சில நாளில் ஒன்று கூட்டுப்புழுவாகிக் கறுத்தது. உடம்பு சேமியா மாதிரி மெலிசு, லேசாக வளைந்திருந்தது. தலைப்பக்கம் மட்டும் தடித்து, உச்சியில் வெள்ளையாக ஒரு சின்னக் குஞ்சம். மூச்சு விடுவது அதில்தான். நெளிந்து நெளிந்து மேலே வரும், களைத்தால் நின்றுவிடும், மறுபடி ஏறும். நீர்ப்பரப்புக்கு அடியில் வந்து சும்மா தொங்கியது. பிறகு முதுகு வெடித்துக் கொசு மாதிரி ஒன்று வெளியே வந்து பறந்துபோனது. இது கடிக்காது. அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை எனக்கு.

அதைப் பார்த்த பிறகுதான் நீ விட்டுப்போன வைஸை, முள்ளைக் கவ்விப் பிடிக்குமே அந்தக் கருவியை, மேஜையில் பொருத்தினேன். தையல் நூல் தடிமன், வேண்டாம். மெஷின் எம்ப்ராய்டரி நூலை எடுத்து முறுக்கைத் தளர்த்தினால் பட்டையாகப் படுக்கும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் விட்டுத் தொடங்கி, முள்ளின் வளைவு வரை ஒரே அடுக்கு. மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினேன். புழுவின் உடம்பில் தெரிகிற வளையங்கள் அவை. தலைக்கு ஆறேழு சுற்று கூடுதல், இரண்டு பக்கமும் ஆரஞ்சு நூல் ஒரு இழை, உச்சியில் வெள்ளைக் கம்பளி நூல் துளி. மேலே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு பூச்சு. இங்கே இருக்கிற புழுக்கத்துக்கு ஒரு ராத்திரி முழுக்கக் காய வைத்தேன்.

முதல் ஆறும் வீணாகிவிட்டன. பூ கட்டுகிற பழக்கத்தில் அதே முடிச்சைப் போட்டேன். இழுத்துப் பார்த்ததும் உருவிக்கொண்டது. முப்பது வருஷம் ரவிக்கை தைத்த கை, மனசு கஷ்டமாகிவிட்டது. நூலை அதன் மேலேயே ஐந்து சுற்று சுற்றி உள்ளே இழுத்து முடித்தால்தான் நிற்கிறது. நீயும் அப்படியே முடி.

இன்னொன்று. வீசியதும் இழுக்க ஆரம்பித்துவிடுகிறேன் என்றாய். பாட்டிலில் நான் பார்த்தது எதுவும் அப்படி ஓடவில்லை, தம்பி. மிதக்கிற தூண்டில் லைனைப் போட்டு, காற்று தள்ளுகிற போக்கில் விடு. தொய்வை மட்டும் விரல்களில் மெதுவாகச் சுருட்டிக்கொள். சின்ன வயதில் அவலாஞ்சி ட்ரவுட் பண்ணைத் தொட்டியின் பக்கத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் நின்றாய், உனக்கு அந்தப் பொறுமை உண்டு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மீன் கடித்துப் பிய்ந்த ஃப்ளைகளைத் தூக்கிப் போடாதே, ஒரு டப்பாவில் சேர்த்து வை. ஊருக்கு வரும்போது கொண்டு வா. எந்த இடத்தில் நூல் விட்டுப்போனது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா