நான்கு பொட்டலம்

திருப்பாதிரிப்புலியூர்,
ஐப்பசி பிறந்து நான்காம் நாள், இரவு

அன்புள்ள வசந்தா,

இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. உன் நலத்தைச் சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. இரத்த அழுத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு, முகம் உப்பியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பதில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவனுக்கு வரன் இன்னும் அமையவில்லை. இதற்குமேல் ஊர்ச் செய்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், உனக்கு நான் கொடுத்த பொடியைப் பற்றிப் பாதி சொல்வதற்குள் நீ சிரித்தாய். "நான் மாடிப்படி ஏறுகிறேன், உனக்கு ஏன் வயிற்றெரிச்சல்?" என்றாய். பிறகு உன் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அவனிடம் ஐந்து நிமிடம் டைனோசர் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை உன் பேரன் பிடுங்கினாலும் படிக்கத் தெரியாது.

என் தோள் கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். சித்திரையில் ஆரம்பித்தது. முதலில் பரணிலிருந்து புளிப்பானையை இறக்கும்போது ஒரு சுளீர். அடுத்த மாதம் தலை பின்ன முடியவில்லை. அதற்கடுத்த மாதம் ரவிக்கையின் முதுகுப்பக்கம் கை போகவில்லை. பள்ளி திறந்த பிறகு கரும்பலகையின் மேல்பாதி எனக்கு எட்டாத தேசமாகிவிட்டது. கீழ்ப்பாதியிலேயே கணக்குப் போட்டேன். கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று எழுதினார்கள். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், வகுப்பே எழுந்து நிற்கிறது? தேசிய கீதமா?" என்று கேட்டார். நம் தராசு டீச்சர் இருந்திருந்தால் மேசைமேல் ஏறி நின்று எழுதச் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் யாரோ அந்த ஆளைப் பற்றிச் சொன்னார்கள். ஊர் பெயரை எழுதமாட்டேன், நீயும் யாரிடமும் சொல்லாதே, விளம்பரமாகிவிடும். பலகை கிடையாது, படிப்புச் சான்று கிடையாது. வேப்பமரத்தடியில் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே நூறு பேர். அவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வாதம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, பழைய செய்தித்தாளில் மடித்த பழுப்புநிறப் பொடியைக் கொடுத்தார். ஒரு பொட்டலம் பத்து நாளைக்கு. காலையும் இரவும் தேனில்.

மூன்றாம் நாள் கை மேலே போயிற்று, வசந்தா. ஐந்து மாதம் அழவைத்த கை. நான் குளியலறையில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து இவர் பயந்துவிட்டார். பசி என்றால் அப்படி ஒரு பசி. பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாடு பத்து மணிக்கே தீர்ந்துவிடும். இரவு தூக்கம்தான் வரவில்லை, ஆனால் வலி இல்லாத விழிப்பு சுகமாகவே இருந்தது. முகம் நிலா மாதிரி ஆயிற்று. பார்ப்பவர்கள் எல்லாம் பூரித்துவிட்டாய் என்றார்கள். நான் அதையும் மருந்தின் பெருமையில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையோடுதான் ஆவணிக் கடைசியில் திருவந்திபுரம் கல்யாணத்தில் உன் முழங்காலைப் பார்த்தேன். மலைப்படியில் நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது பொறுக்கவில்லை. என் கைப்பையிலிருந்து நான்கு பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன். நீ கேட்கக்கூட இல்லை. நானாகக் கொடுத்தேன்.

புரட்டாசி பாதியில் ஒரு நாள் வகுப்பிலேயே கண் மங்கியது. தண்ணீர் குடித்துத் தீரவில்லை. சர்க்கரை டாக்டரிடம் போனால் 386. மூன்று மாதச் சராசரி, வைகாசியில் 7.4 இருந்தது, 9.6 ஆகியிருந்தது. மாத்திரையை விட்டீர்களா என்றார். இல்லை. கல்யாணச் சாப்பாடா என்றார். ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு ஏறுமா? வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதும், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. என் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தார்.

ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். பொடியைச் சோதித்தால்தான் அடித்துச் சொல்ல முடியுமாம், ஆனால் சோதனைக்கூடத்துக்கு முன்பே உடம்பு சாட்சி சொல்கிறது என்றார்: பசி, தூக்கமின்மை, உப்பிய முகம், எகிறிய சர்க்கரை. நான் விஷமா என்று கேட்டேன். "விஷம் என்று யார் சொன்னது? தோள் மூட்டுக்குள் நாங்களே அளந்து ஊசி போடுகிறோம். அளவும் தெரியாமல், யாருக்குச் சர்க்கரை என்றும் தெரியாமல் தேனில் குழைத்துக் கொடுத்தால்தான் வம்பு" என்றார்.

பயந்துபோய், இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் அதிகமாகத் திட்டு வாங்கினேன். இதை நீ இரண்டு முறை படி. நம் உடம்பே தினமும் அந்தச் சரக்கைக் கொஞ்சம் சுரக்கிறதாம். வெளியிலிருந்து வாரக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால், சுரக்கும் சுரப்பி வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அழுத்தம் இறங்கி ஆளே விழுந்துவிடலாம். எனக்கு அளவான மாத்திரை எழுதிக் கொடுத்து, படிப்படியாகக் குறைக்க வைத்தார். ஆகவே நீ பொடியைக் குப்பையில் போட்டுவிட்டு வீரமாக உட்காராதே. மிச்சப் பொட்டலத்தையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரிடம் போ. உன் மகனிடமும் சொல்லியிருக்கிறேன். "சரி ஆன்ட்டி" என்றான். அவனுடைய "சரி" எந்த வகை என்று ஊறுகாய் விவகாரத்திலேயே நமக்குத் தெரியும்.

எனக்குத்தான் சர்க்கரை இல்லையே என்பாய். அழுத்தம் இருக்கிறதே. அதையும் இது ஏற்றும். வயிற்றைப் புண்ணாக்கும். நாள்பட்டால் எலும்பை அரிக்கும். உன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, பதினோரு மாதம் படுக்கையில் கிடந்ததை நாம் இருவரும்தானே மாறி மாறிப் பார்த்தோம்.

இப்போது எழுதக் கூசும் ஒன்று. இது எனக்குத் தெரிந்த அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பயம். இரண்டாம் நாள் வெட்கம். பிறகு, நீயாகவே நிறுத்தியிருப்பாய் என்று எனக்கு நானே ஒரு கதை. நீ மூன்று பொட்டலம் முடித்து நான்காவதைப் பிரித்திருந்தாய். அந்தப் பதினொரு நாளில் நீ சாப்பிட்ட இருபத்திரண்டு வேளைக்கும் நான்தான் கணக்குச் சொல்ல வேண்டும். திட்டு. ஆனால் முதலில் டாக்டரிடம் போய்விட்டு வந்து திட்டு.

பொடி போனதும் வலி வட்டியோடு திரும்பியது. பெரிய மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போனேன். சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். முடித்த சின்னப் பெண். என்னிடம் படித்தவளாக இருந்திருந்தால் முதல் பெஞ்சு. நாடி பார்த்தாள், சர்க்கரைச் சீட்டைப் பார்த்தாள், கையைத் தானே தூக்கிப் பார்த்தாள். கும்பவாதம் என்றாள். ஆங்கில மருத்துவத்தில் ஃப்ரோசன் ஷோல்டர் என்பதும் இதுதானாம். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. சர்க்கரைக்காரர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது வருகிறதாம். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்லத் தளர்வு; எல்லாம் முடிய ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை ஆகலாமாம். அந்த வேப்பமரத்தடிப் பொடியைப் பற்றிச் சொன்னேன். "சித்த மருந்து மூன்று நாளில் இப்படி வேலை செய்தால் முதலில் நான்தான் பயப்படுவேன் அம்மா" என்றாள். நம் கோயிலின் தல மரமான பாதிரி, தசமூலம் என்னும் பத்து மூலிகை வேர்களில் ஒன்று என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தனை வருடம் அந்த மரத்தைச் சுற்றியிருக்கிறேன், பரீட்சை மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

உளுந்துத் தைலம் கொடுத்தாள். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். சர்க்கரைக்காரர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம் என்பதால் முதலில் வலியில்லாத இடது கையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். "தைலம் வலியைக் கொஞ்சம் அடக்கும், கையைத் தூக்கப்போவது நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டாள்.

தூக்கக் கற்றுக்கொடுத்தவன் வேறொருவன். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். 2021இல் அதைத் தொடங்கியபோது, "வீடு தேடி வரி வசூலிப்பவன்தான் வருவான்" என்று நீ சொன்னாயே, அதேதான். தாத்தாவைப் பார்க்கப் போகிற சாக்கில் என் தோளையும் காட்டினேன். அவர் பேசுகிறவர் இல்லை. குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொன்னார். துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் இழுக்கச் சொன்னார். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: சுவரை நோக்கி நின்று, விரலால் எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும். எட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். பதினைந்து நாளில் நான்கு விரற்கடை. இவர் சுவரைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்தச் சுவரை மட்டும் தொட்டால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டேன்.

உன் முழங்காலைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். (பார், இவர் பார்க்காமல் சொல்லமாட்டார், வேப்பமரத்தடி ஆள் பார்க்காமலே கொடுத்தார், நான் கேட்காமலே கொடுத்தேன்.) தொடையின் முன்தசை வலுத்தால் முட்டிமேல் விழும் பாரம் குறையும் என்பது மட்டும் பொதுவாகச் சொன்னார். கோவையில் நல்லவர்கள் இல்லாமலா போவார்கள், போய்க் காட்டு.

நான் பொட்டலம் கொடுத்தது உனக்கு மட்டும் இல்லை. உன்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் கமலா டீச்சர். பிரித்தே பார்க்கவில்லையாம், எப்போதும்போல் என்னை நம்பவில்லை, பிழைத்துக்கொண்டார். இன்னொருத்தி பள்ளி ஆயா அஞ்சலை. நான் கொடுத்தது தீர்ந்ததும் தானாகவே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து சாப்பிடுகிறாள். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "இத்தனை வருடத்தில் இப்போதுதான் டீச்சர் இராத்திரி தூங்குகிறேன். அதையும் பிடுங்கிக்கொள்கிறீர்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய வாய். எனக்குச் சுவர் இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது, காலையில் அரைமணி நேரம் எறும்பு மாதிரி விரலை நகர்த்த நேரம் இருக்கிறது. அவள் ஐந்து மணிக்கு எழுந்து மூன்று வீட்டில் வேலை முடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். சனிக்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்றைய கூலி போய்விடுமே என்றாள். அதை நான் தருகிறேன் என்றதற்கு முறைத்தாள். கடைசியில் எப்படியோ போனோம். சர்க்கரை அவளுக்கும் இருக்கிறது, இதுவரை பார்த்ததே இல்லை. அவளுக்கும் படிப்படியாகக் குறைக்கத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று என்னைப் பார்த்து, "தூக்கம் போயிற்று டீச்சர்" என்றாள். கோபமா, புகாரா, வெறும் செய்தியா என்று தெரியவில்லை. ஒத்தடத்துக்கு எங்கள் வீட்டு நொச்சியைப் பறித்துக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நாவுக்கரசருக்குச் சூலை வந்தபோது இந்த ஊரிலிருந்துதான் கிளம்பித் திருவதிகைக்கு அக்காவைத் தேடி ஓடினார் என்று பிள்ளைகளுக்கு வருடாவருடம் கதை சொல்கிறேன். அவருடைய அக்கா திருநீறு கொடுத்தாள். எனக்கு அக்கா இல்லை, நீதான். உனக்கு நான் என்ன கொடுத்தேன் பார்.

கமலா டீச்சர் மகன் திங்கட்கிழமை கோவைக்கு வருகிறான், கடிதத்தை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலமும் வரும். பயப்படாதே, பண்ருட்டி முந்திரி, அரைக் கிலோ. கடையில் என் கண் முன்னால் நிறுத்துக் கட்டியது. டாக்டர் சீட்டை எனக்கு அனுப்பிவிட்டு அப்புறம் பிரி.

உன்
பூங்கோதை

பின்குறிப்பு: எழுதி முடிப்பதற்குள் தோள் பிடித்துக்கொண்டது. கடைசிப் பக்கத்துக் கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம், வயது இல்லை.