உருக்குக் கணக்கில் விடுபட்ட தானியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சோவியத் யூனியனின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் பற்றி வந்த கட்டுரையை ஊன்றிப் படித்தேன். நான் பிலாய் உருக்காலையில், தாதுவிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் ஊதுலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரஷ்யப் பொறியாளர்கள் நிறுத்திக் கொடுத்த உலையால் என் குடும்பம் பிழைத்தது. அந்த நாட்டின் தொழில் சாதனையை மட்டம்தட்டிப் பேச எனக்கு மனம் வராது. ஆனால், தொழில்மயமாக்கம் மகத்தான வெற்றி, 1932-33 பஞ்சம் வேளாண்மைக் கொள்கையில் நேர்ந்த பிழை, இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. எந்திரம் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருந்தால் அப்படிப் பிரித்திருக்க மாட்டார்.

ஸ்டாலின்கிராடு டிராக்டர் ஆலையை வடிவமைத்தது டெட்ராயிட்டின் ஆல்பர்ட் கான் நிறுவனம். உக்ரைனின் நீப்பர் ஆற்று அணைக்கு ஆலோசகர் அமெரிக்கரான ஹியூ கூப்பர். அங்கே முதலில் பொருத்திய ஜெனரேட்டர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கியவை. மாக்னிடோகோர்ஸ்க் உருக்காலைக்குக் கிளீவ்லாண்டின் மெக்கீ நிறுவனத்தை அமர்த்தினார்கள். கார் ஆலைக்கு ஃபோர்டு. இவர்கள் யாரும் ரூபிளை வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்சியில் இருந்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளுக்கு நீண்டகாலக் கடன் தரவும் ஆள் இல்லை. விற்பதற்கு அவர்களிடம் இருந்தவை தானியம், மரம், எண்ணெய். அதிலும் 1929-க்குப் பிறகு பெருமந்தத்தில் உலகச் சந்தையில் கோதுமை விலை சரிந்தது. எந்திர விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அதே எந்திரத்துக்கு முன்பைவிட அதிக மூட்டை கொடுக்க வேண்டியிருந்தது. 1930-ல் சுமார் 48 லட்சம் டன், 1931-ல் சுமார் 52 லட்சம் டன் தானியம் கப்பலேறியது. உக்ரைனிலும் தென் ரஷ்யாவின் கூபானிலும் வோல்கா கரையிலும் ஊர் ஊராக மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது ஏற்றுமதி குறைந்ததே தவிர நிற்கவில்லை. உழவர்களின் நிலங்களை ஒன்றாக்கிய கூட்டுப்பண்ணைகளை ஏன் அத்தனை அவசரமாகத் திணித்தார்கள் என்ற கேள்விக்கும் பாதி விடை இதில் இருக்கிறது. கோடிக்கணக்கான வீட்டுக் களஞ்சியங்களில் தேடுவதைவிடப் பண்ணை வாசலில் அளந்து எடுத்துப்போவது அரசுக்கு எளிது.

டோர்க்சின் கடைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முதலில் வெளிநாட்டவருக்காகத் திறந்த அரசுக் கடைகள் அவை. 1931 முதல் உள்நாட்டு மக்களையும் உள்ளே விட்டார்கள். அங்கே சாதாரண ரூபிள் செல்லாது. தங்கமோ வெள்ளியோ வெளிநாட்டுப் பணமோ கொண்டுபோக வேண்டும். கல்யாண மோதிரம், கழுத்துச் சிலுவை, பாட்டி காலத்து வெள்ளிக் கரண்டி எல்லாம் தராசில் ஏறின. எடைக்குத் தக்க சீட்டைக் கொடுத்து, அதற்கு ரை என்னும் மலிவான தானியத்தின் மாவைத் தந்தார்கள். ஆடம்பரப் பொருள் விற்கத் தொடங்கிய கடை, பஞ்சம் உச்சத்தில் இருந்த 1933-ல் முக்கியமாக மாவுக் கடையாக மாறியிருந்தது. தாலியை அடகு வைப்பவளுக்காவது மீட்கலாம் என்ற நப்பாசை இருக்கும். அங்கே கொடுத்தது கொடுத்ததுதான். அந்தத் தங்கமும் ஆலைகளுக்கான இறக்குமதிக் கணக்கில்தான் சேர்ந்தது. இப்போது சொல்லுங்கள், டிராக்டர் ஆலை ஒரு கணக்கு, பஞ்சம் வேறு கணக்கா?

இத்தனை கொடுத்து வாங்கியதையாவது ஒழுங்காகப் பயன்படுத்தினார்களா என்றால், உலைக்காரன் என்ற முறையில் எனக்கு வயிறு எரிகிறது. மாக்னிடோகோர்ஸ்க்கின் முதல் ஊதுலையை 1932 ஜனவரிக் கடைசியில், யூரல் மலைக் குளிரில் பற்றவைத்தார்கள். வேண்டாம் என்று அமெரிக்கப் பொறியாளர்கள் சொன்னார்கள், மேலிடம் கேட்கவில்லை. புதிதாகச் செங்கல் அடுக்கிய உலையை மெல்ல மெல்லச் சூடேற்றி ஈரத்தை வாங்க வேண்டும். சுற்றி ஓடும் குளிர்நீர் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. தண்ணீர் குழாயிலேயே உறையும் குளிரில் இதைச் செய்வது உலைக்குச் செய்கிற துரோகம். பிப்ரவரி முதல் தேதி இரும்பு வந்தது, செய்தித்தாள்கள் கொண்டாடின. அதன்பின் உலை பழுதாகிப் பழுதாகி நின்றது. அந்த ஆலையைக் கட்டியவர்களில் பல்லாயிரம் பேர் குலாக்குகள், அதாவது பணக்கார உழவர்கள், என்று முத்திரை குத்தி, நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கடத்தப்பட்டவர்கள். முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தவர்கள்.

திட்டம் என்ற பேச்சே அப்போது பொருளிழந்திருந்தது. திட்டக் குழுவான கோஸ்பிளான் இரண்டு வரைவுகள் போட்டிருந்தது. ஐந்தாண்டுகளில் பெரிய விளைச்சல் சேதம் எதுவும் வராது என்ற அனுமானத்தில் நின்ற, இலக்குகள் பெரிதான வரைவைத்தான் 1929-ல் ஏற்றார்கள். பிறகு அதையும் உயர்த்தினார்கள். வார்ப்பிரும்பு இலக்கு 1 கோடி டன்னிலிருந்து 1 கோடியே 70 லட்சமாக ஏறியது. 1932-ல் கிடைத்தது ஏறத்தாழ 62 லட்சம். நிதானமான எண்களைச் சொன்ன குரோமன் போன்ற பொருளியலாளர்கள் சிறையில் இருந்தார்கள். திட்டமோ நான்கே கால் ஆண்டில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

1941-ல் ஹிட்லரின் படையெடுப்பை எதிர்கொள்ள இந்த ஆலைகள்தான் உதவின என்று கட்டுரையாளர் முன்வைக்கிறார். கனமான வாதம், தள்ளிவிட மாட்டேன். முன்னேறிய நாடுகளைவிட 50 முதல் 100 ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறோம், பத்தாண்டுகளில் ஈடுகட்டாவிட்டால் நசுக்கிவிடுவார்கள் என்று 1931 பிப்ரவரியில் ஸ்டாலின் பேசினார். பத்தாண்டு கழித்து ஹிட்லரின் படை வந்தது. மாக்னிடோகோர்ஸ்க் உருக்கில் டாங்கிக் கவசம் செய்தார்கள், டிராக்டர் ஆலையில் டி-34 டாங்கிகள் வந்தன. ஆலைகள் தேவைப்பட்டன என்பதை இது நிரூபிக்கிறது. குளிரில் உலையைக் கெடுத்ததும் பட்டினி கிடந்த ஊரிலிருந்து தானியத்தை வாரியதும் தேவைப்பட்டன என்று எப்படி நிரூபிக்கிறது? செத்த உழவனின் மகன்தானே சிப்பாயாக வந்திருக்க வேண்டியவன்.

பிலாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 பிப்ரவரியில் ஒப்பந்தம், 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். அதுவும் அரசுத் திட்டம்தான், அதே நாட்டுப் பொறியியல்தான். நிலம் இழந்த சத்தீஸ்கர் உழவர்களின் மனக்குறை இன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் சோவியத் அரசு நமக்கு இரண்டரை சதவீத வட்டியில், 12 ஆண்டுத் தவணையில் கடன் கொடுத்தது. தனக்கு யாரும் தராத கடனை நமக்குத் தந்தது. நாம் உலை கட்டிய ஆண்டுகளில் தானியக் கப்பல் உள்ளே வந்தது. அவர்கள் கட்டிய ஆண்டுகளில் வெளியே போனது.

தொடரின் அடுத்த பகுதி 1937 வரை செல்லும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த ஆண்டின் உருக்கு உற்பத்தி 1 கோடியே 77 லட்சம் டன் என்பதைக் கட்டுரையாளர் நிச்சயம் எழுதுவார். எழுதட்டும், அது உண்மைதான். அதே ஆண்டு ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 1933 முடிவில் 16 கோடியே 80 லட்சம் பேர் இருப்பதாக ஸ்டாலின் கட்சி மாநாட்டில் சொல்லியிருந்தார். மூன்றாண்டு கழித்து எண்ணியபோது 16 கோடியே 20 லட்சம்தான் தேறியது. அந்தக் கணக்கெடுப்பைச் செல்லாது என்று அறிவித்தார்கள். புள்ளியியல் துறைத் தலைவர் கிராவலைச் சுட்டுக் கொன்றார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊதுலைப் பொறியாளர்,
திருச்சி