இந்த வாரம் முதல் ரேடியோ கேட்போம்

நண்பர்களே வணக்கம். போன ஞாயிறு ராத்திரி மஞ்சக்குப்பத்தில் மொட்டை மாடியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். ‘இசை வி. குமார்’ என்று சொல்லிவிட்டு ‘காதோடுதான் நான் பாடுவேன்’ போட்டார்கள், எல்.ஆர். ஈஸ்வரி மூச்சு கேட்கிற அளவுக்குப் பக்கத்தில் வந்து பாடுகிறார். எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான், ஆனால் இசை யாருடையது என்று இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. 1965-ல் ‘நீர்க்குமிழி’ படத்தில் ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ பாட்டுக்கு இசை போட்டவரும் இவர்தான். இப்படி ஒருவரை எப்படி விட்டோம்?

போனில் ஆப் நாம் கேட்ட மாதிரியே திரும்பத் திரும்பத் தருகிறது. ரேடியோவில் அடுத்து என்ன வரும் என்றே தெரியாது, தெரியாத பாட்டு காதில் விழுவதே அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு மணி நேரம், உங்களுக்கு வசதியான நேரத்தில் கேளுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் ரேடியோவான புதுவை வாணியை எஃப்எம் 107.8-ல் வைத்துப் பாருங்கள். போனில் எஃப்எம் கேட்டால் ஹெட்போன் வயரைச் செருகுங்கள், அதுதான் ஏரியல். பழைய மீடியம் வேவ் (ஏ.எம்.) ரேடியோ செட் இருந்தால் இருட்டிய பிறகு மெதுவாகத் திருப்புங்கள், தூரத்து நிலையங்களும் விழும். புதிதாகக் கேட்ட ஒரு பாட்டு, படம், இசையமைப்பாளர் பெயர், இந்த மூன்றையும் இங்கே எழுதுங்கள். பாட்டின் லிங்க் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.