அபாத்திரமாய் என்ற சொல்

பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். விவாகரத்துக்குப் பிறகு, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து தொடங்கும் முன்பே எழுந்து வெளியே வந்துவிடுகிறேன், எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்று போனில் சொன்னாயே, அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேசினால் இரண்டு பேருக்குமே தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

உன்னைப் பயமுறுத்துவது 1 கொரிந்தியர் 11:27 தானே? 'எவன் அபாத்திரமாய்க் கர்த்தருடைய அப்பத்தைப் புசித்து...' கொரிந்து சபைக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் அப்போஸ்தலன் பவுல் போட்ட கிரேக்கச் சொல் அனாக்சியோஸ். அது ஆளைக் குறிக்கும் சொல் இல்லை, சாப்பிடும் விதத்தைக் குறிப்பது. நம் வேதாகமத்திலும் அபாத்திரன், அதாவது தகுதியில்லாதவன், என்று போடவில்லை; அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், என்றுதான் இருக்கிறது. வாசிக்கும்போது நாம்தான் அதை ஆள்மேல் ஏற்றிவிடுகிறோம்.

அப்படியானால் எது தகாத விதம்? கொஞ்சம் மேலே, 21-ம் வசனத்தைப் பார். கொரிந்து சபையில் அப்போது கர்த்தருடைய பந்தி, அதாவது இந்தத் திருவிருந்து, ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுவார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.' ஒரே கூரையின் கீழ் ஒருவன் குடித்து மயங்கிக் கிடக்க, இன்னொருவன் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொதிக்கிறார். கடைசியில் அவர் சொல்லும் பரிகாரமும் எளிதுதான்: 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.' நீ யாரைப் பட்டினி போட்டாய், யாரை வெட்கப்படுத்தினாய்? உன் பக்கத்தில் உட்காரத் தயங்கி இடம் மாறுகிறார்களே, அந்த வசனம் அவர்களைத்தான் முதலில் கேட்கும்.

28-ம் வசனம் தன்னைச் சோதித்தறியச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் இருக்கிறது. எழுந்து போகச் சொல்லவே இல்லை.

அனாக்சியோஸ் என்ற அந்தச் சொல்லுக்கு மூலம் ஆக்சியோஸ், அதாவது தகுதியான. தராசில் எடைக்கு எடை நிற்பது என்பது அதன் பழைய பொருள். இக்காலத்துப் பாடுகள் வரப்போகும் மகிமைக்கு ஒப்பிடத்தக்கவை அல்ல என்று ரோமர் 8:18-ல் வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். அந்தத் தராசில் ஏறினால் யார் நிற்போம்? ஆயர் உட்பட நாம் எல்லோரும், உமது மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தானே பீடத்தண்டை போகிறோம்!

லூக்கா 15-ல், சொத்தையெல்லாம் அழித்துவிட்டு அப்பனிடம் திரும்பி வரும் இளைய மகன் சொல்வதும் இதே ஆக்சியோஸ்: 'இனிமேல் உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல.' அந்த அப்பன் இதற்குப் பதிலே சொல்லவில்லை, கவனித்தாயா? ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலைக்காரரைப் பார்த்து, உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்கிறார். ஒரு தகப்பனாக எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

அம்மா அடுத்த மாதம் உன்னிடம் வருகிறாள். முழங்கால் வலி இன்னும் விடவில்லை, பீடத்துப் படியேற ஒரு கை வேண்டும். திருவிருந்து ஞாயிறு அன்று நீயே அவளைக் கூட்டிக்கொண்டு போ. போய், அவள் பக்கத்தில் நீயும் முழங்கால் போடு.

அன்புடன்,
அப்பா