ஒரே எண், இரண்டு இடங்கள்

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் லேசானது. பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் வேலைதான். நம் பழைய டெஸ்க்டாப் மென்பொருளை ஃபிளட்டரில் (ஒருமுறை எழுதிப் பல தளங்களில் ஓட்டும் கருவி) புதிதாக எழுதி முடித்தோம். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஐந்திலும் ஓடுகிறது.

"ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் சொன்னார்களே" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஆனால் எனக்குப் பெரிய லாபமாகப் படுவது வேறொன்று.

அந்தப் பழைய பக் (பிழை) நினைவிருக்கிறதா? பட்டியலில் ஒன்றை நீக்கினால் மேலே இருக்கும் எண்ணிக்கை குறையும், பக்கவாட்டில் இருப்பது குறையாது. தரவு மாறும் ஒவ்வொரு இடத்திலும், எந்தெந்த லேபிளை மாற்ற வேண்டும் என்று நாமே ஞாபகம் வைத்து எழுதினோம். ஒன்றை மறந்தால் திரை பொய் சொல்லும். ஃபிளட்டரின் ரியாக்டிவ் முறையில் அந்த ஞாபகச் சுமை நம் தலையில் இல்லை. ஸ்டேட் (மென்பொருள் அப்போது வைத்திருக்கும் தரவு) இப்படி இருந்தால் திரை இப்படி இருக்கும் என்று மட்டும் எழுதுகிறோம். ஸ்டேட் மாறினால் மீதியை ஃபிளட்டர் போன்ற ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும். யோசித்தால் இது புதிதே இல்லை. 1979-இல் வந்த விசிகால்க் விரிதாளிலேயே ஒரு கட்டத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் தானாக மாறின. 1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹுடாக்கும் இதே எண்ணத்தை அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். 2013-இல் ரியாக்ட் என்ற வலைத்திரைக் கருவி வெளியான பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் கேள், புது நிரலிலும் அதே பக் திரும்ப வந்தது! இரண்டு நாள் தேடினேன். பட்டியலை ஸ்டேட்டில் வைத்திருந்தேன், எண்ணிக்கையையும் தனியாக ஸ்டேட்டில் வைத்திருந்தேன். ஓரிடத்தில் பட்டியலை மட்டும் மாற்றியிருக்கிறேன். பட்டியலிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளக் கூடிய எண்ணை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதை எடுத்துவிட்டுக் கணக்கிட வைத்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் நிரல் முழுக்க உட்கார்ந்து இப்படிப்பட்டவற்றைக் களைந்தேன். ஸ்டேட் பாதியாகச் சுருங்கியது.

வேகத்தைப் பற்றி நீ பயப்படத் தேவையில்லை. விட்ஜெட்டுகள் (பட்டன், எழுத்து போன்ற திரைப் பகுதிகள்) வெறும் விவரிப்புகள், திரும்பத் திரும்ப உருவாக்கினாலும் செலவு குறைவு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு (திரையை ஒருமுறை வரைய) கிடைப்பது 16 மில்லி விநாடிக்குச் சற்று மேல். நீளமான பட்டியலை பில்ட் செய்யும்போதே (விட்ஜெட்டுகளை உருவாக்கும் ஒவ்வொரு முறையும்) வரிசைப்படுத்தினால்தான் திக்கும். அந்த வேலையைத் தரவு மாறும்போது ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் போதும்.

பல தளம் என்ற பக்கம்தான் கடினம். ஃபிளட்டர் அந்தந்தத் தளத்தின் பட்டன்களைப் பயன்படுத்துவதில்லை, எல்லாவற்றையும் தானே வரைகிறது. அதனால் எங்கும் ஒரே தோற்றம். ஆனால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானுக்கு அது வெறும் படம்தான், எது பட்டன், எது தலைப்பு என்று மரக்கிளை போன்ற விவர அடுக்கு ஒன்றைத் தனியாகக் கட்டிச் சொல்ல வேண்டும். வழக்கமான விட்ஜெட்டுகள் தாமே சொல்லிவிடும், நாம் சொந்தமாக வரைந்தவற்றுக்கு நாம்தான் எழுத வேண்டும். பார்வையற்ற ஒருவர் பயன்படுத்திப் பார்த்துச் சொன்ன பிறகே எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று புரிந்தது. விண்டோஸில் கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட் என்று குறுக்குவிசைகளையும் பிரிக்க வேண்டியிருந்தது. எழுத்தை எண்ணும் இடத்தில் இன்னொரு சிக்கல்: 'கொ' நமக்கு ஓர் எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் இரண்டு குறியீடுகள். சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தை நம்பி வெட்டியதில் கொம்பும் காலும் காணாமல் போய் வெறும் 'க' நின்றது.

உன் மென்பொருளையும் மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். உடனே மாற்றாதே. அதில் ஒரே எண்ணை எத்தனை இடங்களில் எழுதி வைத்திருக்கிறாய் என்று முதலில் தேடிப் பார்த்து எனக்கு எழுது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்